சாட்சிக் கூண்டும் தேர்வுக் கூடமும்

வியாசர்பாடியிலே டாக்டர் அம்பேத்கர் பெயரால் ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. துறைமுகத்திலே மூட்டை சுமப்பவன், எண்ணூர்ப் பக்கம் இரவு முறை பார்ப்பவன், தெருவோரம் கடை பரப்புபவன் — இப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள், அங்கே படிக்கிறார்கள். தேர்வு முடிவு வந்ததும் மதிப்பெண் எத்தனை என்று தகப்பன் கேட்கிறான். கேட்க வேண்டிய கேள்விதான்! வியர்வையை விற்றுப் படிக்க வைத்தவனுக்கு அதைக் கேட்கும் உரிமை இல்லையென்று எவன் சொல்ல முடியும்?

ஆனால், கேட்காமலே விட்டுவிடும் கேள்வி மற்றொன்று உண்டு. படித்தவன் எப்படிப்பட்ட மனிதன் ஆனான் என்பது! மாற்றுச் சான்றிதழிலே நடத்தை என்று ஒரு வரி. அதற்கெதிரே நன்று என்று ஒரு சொல். ஏறக்குறைய எல்லோருக்கும் அதே சொல்! மதிப்பெண்ணுக்கு நூறு படிகள். குணத்துக்கோ ஒரே முத்திரை!

அந்த வரியிலே மெய்யாக எழுதப்பட வேண்டியது என்ன என்பதைத் தம் வாழ்வால் காட்டிச் சென்றார் ஒருவர். பட்டம் பெறாதவர்; ஆயினும் கல்லூரியிலே தமிழ் கற்பித்தவர். வியாசர்பாடிக்கு அடுத்த பெரம்பூரிலே ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவர். அவரே திரு.வி.க.

1883 ஆகஸ்டு 26-ல், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் எனும் சிற்றூரில் பிறந்தவர் கலியாணசுந்தரம். சென்னை வந்து இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலே சேர்ந்தார். நோய் வந்து கைகால்களை முடக்கிற்று; படிப்பு ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது. மீண்டும் எழுந்தார், மீண்டும் படித்தார். அங்கேதான் அவருக்கு ஆசானாக வாய்த்தார் யாழ்ப்பாணத்துப் புலவர் கதிரைவேற்பிள்ளை. தமிழின் சுவையை மாணவனின் நெஞ்சிலே ஊட்டியவர் அவர்.

வந்தது 1904. வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற பூசல் நீதிமன்றம் ஏறிற்று. கதிரைவேற்பிள்ளை மீது வழக்கு! ஆசானுக்காகச் சாட்சி சொல்லச் சென்றார் மாணவர். அதே வேளையில் ஆறாம் படிவத் தேர்வு. ஒருபுறம் சாட்சிக் கூண்டு. மறுபுறம் தேர்வுக் கூடம். தேர்வை எழுதினால் கல்லூரிக் கதவு திறக்கும், உத்தியோகம் கிடைக்கும், குடும்பம் தழைக்கும். அவரோ கூண்டிலே போய் நின்றார். தேர்வு போயிற்று. பள்ளிப் படிப்பும் அத்தோடு முடிந்தது.

இழப்பு சிறிதன்று, தோழர்களே! அந்த இழப்பை அவர் சுமந்தார். ஆனால் கல்வியை விட்டாரில்லை. ஆசான் 1907-ல் மறைந்தபின், மயிலைத் தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவ நூல்களும் பயின்றார். ஆசானின் வரலாற்றை எழுதி 1908-ல் நூலாக்கினார். இன்னொன்றையும் கருதிப் பாருங்கள். எந்த வள்ளலாரை எதிர்த்தவர் பக்கம் இளமையிலே நின்றாரோ, அந்த வள்ளலாரைப் போற்றிப் பிற்காலத்தில் நூல் எழுதினார்! கற்கக் கற்கக் கருத்து மாறிற்று. ஆசானிடம் கொண்ட நன்றி மாறவில்லை. கருத்தை மாற்றிக்கொள்ளும் நேர்மையும் நன்றியை மறவாத நெஞ்சும் ஒருவரிடத்திலேயே குடியிருக்கக் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தேர்வு எழுதாத அந்த மாணவரே, பின்னர் அதே வெஸ்லியிலே தமிழாசிரியர் பீடம் ஏறினார். அமைதியான வேலை, மதிப்பான வேலை! அதையும் 1917-ல் துறந்தார். தேசபக்தன் ஏட்டின் ஆசிரியரானார்.

1918 ஏப்ரல் 27-ல், செல்வபதி செட்டியாரும் இராமாநுசலு நாயுடுவும் முன்னின்று உழைக்க, வாடியா தலைமையிலே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. துணைத் தலைவரானார். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளி, பகலுணவுக்கு விடும் நேரம் போதவில்லையே என்று ஏங்கிய காலம் அது. இலக்கணம் கற்பித்த நாவு அந்த ஏழைக்காகப் பேசிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் மனைவி கமலாம்பிகை மறைந்தார். பெற்ற குழந்தைகளையும் முன்பே இழந்திருந்தார். வயதோ முப்பத்தைந்து. மறுமணத்தை நாடவில்லை. பெண்ணின் பெருமை என்று நூல் எழுதியவர், அந்தப் பெருமையைத் தம் வீட்டிலேயே காத்தார்.

1921 ஆலைப் போராட்டத்தின்போது நாடு கடத்துவதாக ஆளுநர் வெலிங்டன் எச்சரித்தார். அதைத் தடுக்க முன்வந்தவர் யார்? எந்தக் கட்சியைத் தேசபக்தன் ஏடு நாள்தோறும் தாக்கிற்றோ, அந்த நீதிக்கட்சியின் தலைவர் தியாகராயர்! மாற்றாரையும் மதிக்கச் செய்வது பட்டமன்று; பண்பு.

1947-ல் மற்றொரு சோதனை. அவர் பாடுபட்டு வளர்த்த காங்கிரசு ஆட்சியிலே அமர்ந்திருந்தது. ஆலையிலே வேலை நிறுத்தம். தொழிலாளர் பக்கமே நின்றார்; அந்த ஆட்சியே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. அறுபதைக் கடந்த முதியவருக்கு, இருபத்தொரு வயதிலே ஏறிய சாட்சிக் கூண்டு புதிதாகவா தோன்றியிருக்கும்? கண்ணொளி மங்கிய பின்னும் நூல் செய்தார். 1953 செப்டம்பர் 17-ல் மறைந்தார்.

தேர்வை விட்டு வெளியேறுங்கள் என்று மாணவருக்குச் சொல்ல இதை எழுதவில்லை. தேர்வு எழுதுங்கள், முதல் வகுப்பிலே தேறுங்கள்! பாட்டனுக்கு மறுக்கப்பட்ட படிப்பு அது. ஆனால் படித்தவன் கையூட்டு வாங்குகிறான். படித்தவன் ஏழையின் மனுவை மேசையிலே தூங்க வைக்கிறான். பேருந்து வழித்தடத்தின் பெயரால், தன்னைப்போலவே ஏழையாய்ப் பிறந்த இன்னொரு மாணவன்மீது கத்தி ஓங்குகிறான் சிலபோது. இவர்கள் எல்லோருடைய சான்றிதழிலும் நடத்தை நன்று என்றுதானே இருக்கிறது?

ஒழுக்கம் என்பது தலைகுனிந்து நடப்பதன்று, வாய்மூடி இருப்பதுமன்று. இழப்பு வரும் என்று தெரிந்தும், கடன்பட்டவர் பக்கம் போய் நிற்பது. பெரம்பூர் ஆலை மூடப்பட்டுவிட்டது, சங்கொலியும் ஓய்ந்துவிட்டது. ஆனால் கல்லூரி திறந்திருக்கிறது. தோழனே, இன்று மாலை உன் மகன் வீடு திரும்பும்போது மதிப்பெண்ணைக் கேள். கேட்டபின், இந்த மாணவரின் கதையையும் சொல்!