பேனிக் ஆனா நிறுத்து: டென்னிஸ் ரிச்சி

லேப்ல கெர்னல் பேனிக் வந்து ஸ்கிரீன் உறைஞ்சு நின்னா திட்டுறோம்ல? யூனிக்ஸ்லயே இருந்த பழக்கம் அது.

1941-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த டென்னிஸ் ரிச்சி, 1967-ல் பெல் லேப்ஸில் சேர்ந்தார். முதலில் மல்டிக்ஸ் ப்ராஜெக்ட். எழுதும் கோடில் பாதி எரர் ரெக்கவரிக்கே போகுதுன்னு அதன் எஞ்சினியர் ஒருவர் அவரிடம் புலம்பினாராம். கென் தாம்ப்சனோடு அவர் உருவாக்கிய யூனிக்ஸில் அதெல்லாம் கிடையாது. மீள முடியாத தப்புன்னா பேனிக் ஃபங்ஷன் மெஷினையே நிறுத்திடும், ரீபூட் பண்ணிக்கணும்.

சோம்பேறித்தனமா தெரியும். ஆனா கெட்டுப்போன மெமரியோட கெர்னல் ஓடினா, டிஸ்கில் இருக்குற நம்ம ஃபைலும் போயிடும்.

சி மொழியும் அவர் தந்ததுதான். 1983-ல் ட்யூரிங் விருது. 2011 அக்டோபரில், ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்த ஒரு வாரத்தில், தனியா வாழ்ந்த வீட்டில் இறந்து கிடந்தார். பலருக்குத் தெரியவே இல்ல. லினக்ஸ்லயும் அந்த ஃபங்ஷன் பேர் இன்னிக்கும் பேனிக்தான்.