சிறைக்குள்ளே குழு கட்டிய எலிசபெத் ஃப்ரை

நம்ம மலருக்கு ஒரு சாதனைப் பெண்மணியின் வரலாறு எழுதச் சொன்னாங்க. நான் எலிசபெத் ஃப்ரை அம்மையாரை எடுத்துக்கிட்டேன். அவர் செய்த வேலை நம்ம குழு வேலை மாதிரியே இருக்கு.

1780-ல் இங்கிலாந்தில் நார்விச் நகரத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 12 வயசிலே தாயை இழந்தார். 1800-ல் திருமணம் ஆச்சு. மொத்தம் 11 பிள்ளைகள் பெற்றார்.

1813-ல் லண்டன் நியூகேட் சிறைக்குப் போனார். அங்கே சுமார் 300 பெண்கள், கைக்குழந்தைகளோடு அடைந்து கிடந்தாங்க. வெறுந்தரையிலேதான் படுக்கை. சமையல், துவையல், தூக்கம் எல்லாம் ஒரே இடத்தில். தண்டனை பெற்றவங்களும், இன்னும் விசாரணையே முடியாதவங்களும் ஒண்ணாகவே இருந்தாங்க. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை உண்டு.

1817-ல் முதலில் கைதிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிறகு சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் அமைத்தார். கைதிகளுக்குத் தையலும் பின்னலும் வேலையாகக் கிடைத்தது. பன்னிரண்டு பேருக்கு மிகாமல் ஒரு குழு, குழுவுக்கு ஒரு பொறுப்பாளர். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: விதிகளை அவர் தானாகவே போட்டுவிடவில்லை. ஒவ்வொன்றாக வாசித்து, கைதிகளிடமே சம்மதம் கேட்டார். அவங்க கை தூக்கி ஏத்துக்கிட்டாங்க. குற்றவாளின்னு ஊரே ஒதுக்கினவங்களை, அபிப்பிராயம் சொல்லத் தகுதி உள்ளவங்களாக நடத்தினார்.

எல்லாமே ஜெயிக்கல. 1818-ல் ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணுக்குக் கள்ள நோட்டு மாற்றியதற்காகத் தூக்கு. அவர் உயிரைக் காப்பாற்ற ஃப்ரை உள்துறை அமைச்சரிடமே போய் மன்றாடினார். அமைச்சர் இரங்கவில்லை, தூக்கிலிட்டு விட்டாங்க.

அதோடு அவர் ஒதுங்கிடல. அதே ஆண்டு நாடாளுமன்றக் குழு முன்னாடி சிறை நிலைமையை ஏற்கெனவே சாட்சியமாகச் சொல்லியிருந்தார். 1823-ல் வந்த சட்டம், பெண் கைதிகளைப் பெண் காவலர்களே கவனிக்கணும் என்றது. கப்பலில் நாடு கடத்தப்பட்ட பெண்களுக்கும் ஊசி, நூல், துணித்துண்டுகள் அடங்கிய பை கொடுக்க ஏற்பாடு செய்தார். வழியில் தைத்து, போன இடத்தில் விற்றுப் பிழைக்கட்டும்னுதான்.

1828-ல் கணவரின் வங்கி நொடித்துப்போச்சு. அப்பவும் சிறைப் பணியை விடவில்லை. 1845-ல் காலமானார்.

தப்பு செய்தவங்களுக்குத் தண்டனை உண்டு. ஆனா மானம் பறிபோகக் கூடாது. இதைத்தான் அவர் வாழ்க்கையிலிருந்து நான் கத்துக்கிட்டேன், சகோதரிகளே.