கண் பரிசோதனையில் தள்ளப்பட்டவர், சிங்கப்பூரில் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார்

பால்மரத் தோட்டத்து லயங்களில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே நேதாஜி படமும் மாட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. ராணுவ உடையும் தொப்பியும் வட்டக் கண்ணாடியும் அணிந்த அந்த முகத்தைப் பேரப்பிள்ளைகள் இன்றும் அடையாளம் சொல்வார்கள். அந்தக் கண்ணாடிதான் அவருடைய முதல் ராணுவ ஆசையைக் கெடுத்தது என்பது பலருக்குத் தெரியாது.

சுபாஷ் சந்திர போஸ் 1897 ஜனவரி 23-ஆம் தேதி கட்டாக்கில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது கல்கத்தாவில் மாணவராக இருந்தார். வங்காளிகளுக்கென்று தொடங்கப்பட்ட 49-ஆவது படைப்பிரிவில் சேர மனுப் போட்டார். உடம்பு தேறியது, கண் பார்வை தேறவில்லை. பிறகு பல்கலைக்கழக மாணவர் படையில் சேர்ந்து கூடாரத்தில் தங்கி, துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டார். கேம்பிரிட்ஜில் படிக்கப் போன இடத்தில் இன்னொரு கதவு அடைபட்டது. அங்கிருந்த மாணவர் அதிகாரிப் பயிற்சிப் படையில் இந்தியர்களுக்கு இடமில்லை. இந்திய மாணவர்களின் சார்பில் லண்டன் சென்று முறையிட்டவர்களில் அவரும் ஒருவர். பலன் கிடைக்கவில்லை. வெள்ளையரை அதிகாரி நிலையில் சமமாக நிறுத்தும் பயிற்சியை இந்தியருக்குக் கொடுக்க அன்றைய ஆட்சிக்கு மனமில்லை.

1920-இல் ஐ.சி.எஸ். தேர்வில் நான்காவதாக வந்தார். மறு வருடம் அந்த வேலையை உதறினார். 1938-இல் காங்கிரஸ் தலைவரானார். 1941-இல் வீட்டுக் காவலிலிருந்து தப்பி ஜெர்மனி போனார். 1943-இல் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பி, நடுக்கடலில் ஜப்பானியக் கப்பலுக்கு மாறி ஆசியா வந்தார்.

ஜூலை 2-ஆம் தேதி சிங்கப்பூரில் இறங்கியபோது படை என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட இந்தியப் போர்க் கைதிகளிலிருந்து மோகன் சிங் அமைத்த படை அது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பானியர் அவரைக் கைது செய்துவிட்டதால் கலைந்து கிடந்தது. போஸ் ஜூலை 4-ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றார். ஜூலை 9-ஆம் தேதி பாடாங் கூட்டத்தில் மூன்று லட்சம் வீரர்களையும் மூன்று கோடி டாலரையும் கேட்டார். கேட்டது கைதிகளிடம் மட்டுமல்ல. கடைக்காரர், கிராணி, ஆசிரியர், பால்மரம் வெட்டுபவர் என்று எல்லாரிடமும்தான்.

இது சாதாரண முடிவில்லை. 1857-க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் போர்ச்சாதி என்றொரு கணக்கு வைத்திருந்தது. பஞ்சாபியரும் கூர்க்காக்களும் அதில் உண்டு. தமிழர்கள், அதிலும் தோட்டத்துத் தமிழர்கள், சண்டைக்கு உதவாதவர்கள் என்பதே அந்தக் கணக்கு. அந்த நம்பிக்கை கைதியாகி வந்த சில இந்திய அதிகாரிகளின் மனத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் மலாயா, பர்மா பகுதிகளிலிருந்து சேர்ந்த சாதாரண மக்கள் சுமார் 18,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

எல்லாரும் ஒரே காரணத்தால் வரவில்லை. தோட்டங்களில் வேலை நின்று பட்டினி. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பயம் வேறு. சீருடை போட்டால் அதிலிருந்து தப்பலாம் என்று வந்தவர்களும் இருந்தார்கள். அது இழிவான காரணமும் இல்லை. யாருக்கு உண்மையான ஆர்வம் என்று நெஞ்சைப் பிளந்து பார்க்க முடியுமா? போஸ் கையாண்ட வழி வேறு. பசி, தாகம், நீண்ட நடை, சாவு இவற்றைத் தவிரத் தம்மிடம் தர எதுவுமில்லை என்று மேடையிலேயே சொல்லிவிடுவார். அதைக் கேட்டும் முன்னால் வருபவர்களைச் சேர்த்துக்கொள்வார்.

அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வு இன்னும் கடுமை. சிங்கப்பூரில் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி நடந்தது. இளைஞர்கள் சுமார் 45 பேர் தரைப்படை, விமானப்படைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கே அனுப்பப்பட்டார்கள். டோக்கியோ பாய்ஸ் என்று பின்னாளில் பெயர் பெற்றவர்கள் இவர்களே. அவர்களில் ஒருவரான ரமேஷ் பெனகல் பிறகு இந்திய விமானப்படையில் உயர் பதவி வகித்து மகாவீர் சக்ரா பெற்றார்.

பெண்கள் படைதான் அன்று ஊரையே பேச வைத்தது. 1940 முதல் சிங்கப்பூரில் ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த சென்னை டாக்டர் லட்சுமி சுவாமிநாதனிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. முதல் அணிவகுப்புக்கு 20 பெண்கள் கனமான துப்பாக்கியைத் தூக்கி நின்றார்கள். 1943 அக்டோபர் 22-ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படை முகாம் திறந்தது. மணமாகாத பெண்ணுக்குத் தகப்பன் கையெழுத்து வேண்டும், மணமானவளுக்குக் கணவன் கையெழுத்து வேண்டும். பல வீடுகளில் நாட்டுப்பற்றுக்கு முதல் சோதனை அந்தக் கையெழுத்துதான். கோலாலம்பூர் ஜானகி தேவர் மிக இளையவர். தகப்பனார் தயங்கியபோது லட்சுமியையே வீட்டுக்கு அழைத்துப் பேச வைத்துச் சம்மதம் வாங்கினார். பின்னர் அப்படையில் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்தார்.

இங்கே ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. முகாமில் எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே பயிற்சி. ஆனால் அதிகாரிப் பட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த நகரத்துப் பெண்களுக்கே போயின. எழுத்தறியாத தோட்டத்துப் பெண்கள் சிப்பாய்களாகவே நின்றார்கள். சாதியை முகாம் வாசலில் நிறுத்த முடிந்தது, படிப்பின் இடைவெளியைச் சில மாதங்களில் அடைக்க முடியவில்லை.

சாதி விஷயத்தில் போஸ் விட்டுக்கொடுத்ததில்லை. சிங்கப்பூர் செட்டியார் கோயிலுக்கு அழைத்தபோது, எல்லாச் சாதியாரும் மதத்தாரும் வரலாம் என்றால்தான் வருவேன் என்ற நிபந்தனையோடு தம் முஸ்லிம் அதிகாரிகளையும் அழைத்துக்கொண்டே போனார்.

1944-இல் இம்பால் படையெடுப்பு தோற்றது. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டபோது, பெண்கள் படையைத் தனியே அனுப்பாமல் பாங்காக் திசையில் தாமும் அவர்களோடு நடந்தார். ஜூலை 8-ஆம் தேதி சிங்கப்பூர் எஸ்பிளனேடில் மாண்ட வீரர்களுக்கு நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஆகஸ்ட் 16-ஆம் தேதி சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார். 18-ஆம் தேதி தைப்பேயில் நடந்த விமான விபத்தில் இறந்தார் என்பதே அதிகாரபூர்வத் தகவல். தோட்டத்து மக்கள் வெகுகாலம் அதை நம்பவில்லை.

திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்த நினைவுச் சின்னத்தை இடித்துத் தள்ளினார்கள். அது நின்ற இடத்தில் 1995-இல் தகவல் பலகை ஒன்று வைக்கப்பட்டது. ஜானகி தேவர் மலாயாவுக்குத் திரும்பி ம.இ.கா. தொடங்கியவர்களில் ஒருவராகி, பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினராகவும் அமர்ந்தார்.