கீசகவதம் எடுத்த நடராஜ முதலியார்

போடிநாயக்கனூருக்கு மேற்கே, ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் குரங்கணி. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மைனா’ திரைப்படத்தின் வாயிலாக அவ்வூரின் மலைப்பாதைகளைத் தமிழகம் முழுவதும் கண்டது. இயக்குநராகும் வேட்கையோடு இப்பகுதியிலிருந்து சென்னைக்குப் பேருந்து ஏறிய இளைஞர் பலராவர். உதவியாளராகச் சேர்வதற்கு ஒரு படநிறுவனமும், பின்பற்றுவதற்கு ஓர் ஆசானும் அவர்களுக்கு அங்கே உண்டு. இவ்விரண்டும் இல்லாத காலத்தில் தென்னகத்தின் முதற் கதைப்படத்தை எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார்.

1885-ஆம் ஆண்டில் வேலூரில் வசதி படைத்த குடும்பத்தில் பிறந்த அவர், வாணிகத்தின் பொருட்டுச் சென்னைக்கு வந்தார். உறவினர் தருமலிங்க முதலியாருடன் கூட்டுச் சேர்ந்து முதலில் மிதிவண்டிகளையும், 1911-க்குப் பின்னர் அமெரிக்க மோட்டார் வண்டிகளையும் விற்றார். தொழில் செழித்தது. அவ்வளவில் நிறைவடைந்திருக்கலாம். ஆயின் நிழற்படக் கலையில் இருந்த ஈடுபாடும், தாதாசாகிப் பால்கேயின் புராணப் படங்கள் ஏற்படுத்திய வியப்பும் அவரை வேறு திசையில் ஈர்த்தன.

புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரை அணுகிப் படப்பெட்டியைக் கையாளும் முறையைக் கற்றார். அந்நாளைய படப்பெட்டி கையால் சுழற்றப்படுவது. நொடிக்குப் பதினாறு படங்கள் பதிவாகுமாறு சீராகச் சுழற்ற வேண்டும். கை சற்றே தளர்ந்தால் திரையில் மாந்தர் துள்ளி ஓடுவர். விரைந்தால் மெல்ல ஊர்வர். இதனை நூல்களைப் படித்து அறிதல் இயலாது, கைப்பழக்கத்தாலேயே வரும். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் படப்பெட்டியை விலைக்கு வாங்கிய முதலியார், சென்னை மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்பு நிலையம் ஒன்றை அமைத்தார். தென்னிந்தியாவில் அதற்கு முன் அத்தகையதொரு நிலையம் இல்லை. மின்விளக்குகள் கிடையா, மேலே வெண்துணி விரித்து, அதனூடே வடியும் வெயிலில் படமெடுத்தனர். மேகம் மூடினால் வேலை நின்றுவிடும்.

எக்கதையை எடுப்பது என்ற வினா எழுந்தபோது, நாடகப் பேராசான் பம்மல் சம்பந்த முதலியார் கீசகன் கதையைப் பரிந்துரைத்தார். உறவினருக்கு இது உவப்பாக இல்லை. முதல் முயற்சியிலேயே பிறன்மனை விழைந்து மாண்டவன் கதையா என்று தடுத்தனர். கைப்பொருளைக் கொட்டித் தொடங்கும் ஒருவனுக்குச் சுற்றத்தாரின் இவ்வச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் முதலியார் பின்வாங்கவில்லை. நடிகர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை நாடகத்தில் தேர்ந்த வழக்கறிஞர் ரங்கவடிவேலு ஏற்றார். நாடக நடிகர் ராஜு முதலியார் கீசகனாகவும், ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர்.

எல்லாவற்றினும் கடினமாக இருந்தது படச்சுருளைக் கழுவும் பணியே. சென்னையின் வெப்பம் அதற்கு ஒவ்வாதெனக் கருதிப் பெங்களூரில் ஆய்வகம் வைத்தார். வாரந்தோறும், எடுத்த சுருள்களுடன் இரயிலேறிச் சென்று அங்கே பதம் பார்த்துத் திரும்பினார். செய்த பிழை சில நாள்கள் கழித்தே தெரியவரும். அதற்குள் காட்சி கலைந்திருக்கும், பணமும் செலவழிந்திருக்கும். எடுத்ததை அக்கணமே பார்த்துத் திருத்தும் இன்றைய இயக்குநர் இத்தவிப்பை உணர்தல் அரிது.

முப்பத்தைந்து நாள்களில், ஏறத்தாழ 6,000 அடி நீளத்தில் படம் முடிந்தது. செலவு 35,000 ரூபாய். வரவு 50,000 என்பர். வெளிவந்த ஆண்டு 1916 என்றும், 1917 என்றும், 1918 என்றும் ஆய்வாளர் வேறுபடுவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுத்துரைகள் இடம்பெற்றதால் இவ்வூமைப்படம் பர்மா, இலங்கை, சிங்கப்பூர் வரை சென்றது. தொடர்ந்து ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ எடுத்தபோது, பெண்கள் நடிக்க முன்வராத காரணத்தால் ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருவரைத் திரௌபதியாக்கினார். ‘லவகுசா’, ‘மார்க்கண்டேயா’ முதலிய படங்களும் வந்தன.

பின்னர் தீ விபத்தில் மகனை இழந்தார். 1923-ஆம் ஆண்டளவில் படத்தொழிலினின்று முற்றிலும் விலகினார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. பேசும்படமும் வண்ணப்படமும் வந்து பரவியதை ஒதுங்கி இருந்தே கண்டு, 1970-களின் தொடக்கத்தில் மறைந்தார். அவர் எடுத்த படங்களுள் ஒன்றின் சுருள்கூட இன்று கிடைக்கவில்லை.