பெஞ்சமின் ராபின்ஸ்

பெஞ்சமின் ராபின்ஸ் (1707 – ஜூலை 29, 1751) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் இராணுவப் பொறியியலாளரும் ஆவார். துப்பாக்கிக் குண்டின் வேகத்தையும் துப்பாக்கியின் பின்னுதைப்பையும் ஊசலைக் கொண்டு அளந்து, பீரங்கிக் கலையைப் பரிசோதனை அறிவியலாக மாற்றியவர் இவர். கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராகத் தமிழகம் வந்த இவர், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் அமைந்திருந்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

இளமை

இங்கிலாந்தின் பாத் நகரில், போரை ஏற்காத குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை தையற்காரர். கணிதத்தைப் பெரும்பாலும் தாமாகவே கற்ற ராபின்ஸ், இலண்டன் சென்று மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தார். 1727 ஆம் ஆண்டில், இருபது வயதிலேயே அரச கழகத்தின் உறுப்பினரானார். நியூட்டனின் நுண்கணிதத்தைப் பேராயர் பெர்க்லி குறைகூறியபோது, 1735 இல் அதற்கு ஆதரவாக நூல் எழுதினார். 1741 இல் தொடங்கப்பட்ட ஊலிச் இராணுவக் கல்விக்கழகத்தில் ஆசிரியப் பணியை எதிர்பார்த்தார்; அது கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு இவரது புகழ்பெற்ற நூலான 'பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்' வெளிவந்தது.

ஊசல் பரிசோதனைகள்

அக்காலத்தில் பறக்கும் குண்டின் வேகத்தை அளக்க நம்பத்தகுந்த கருவி இல்லை. ராபின்ஸ், மரப்பலகை பொருத்திய கனமான இரும்பு ஊசலொன்றை அமைத்து அதன்மீது சுட்டார். பலகையில் பதிந்த குண்டு ஊசலை அசைத்தது. ஊசல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அதனுடன் இணைத்த நாடா காட்டியது. அதிலிருந்து உந்த அழிவின்மை விதியின்படி குண்டின் திசைவேகத்தைக் கணக்கிட்டார். முக்கால் அங்குல விட்டமுள்ள ஈயக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,670 அடி (510 மீட்டர்) வேகத்தில் செல்வதைக் கண்டார். அவ்வேகத்தில் காற்றின் தடை குண்டின் எடையைப்போல் சுமார் 120 மடங்கு இருந்தது. காற்றின் தடையைப் பொருட்படுத்தாத பரவளையக் கணக்கீடுகள் இதனால் பயனற்றவை என்பது தெளிவாயிற்று. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இத்தடை திடீரென மிகுவதையும் இவர் கவனித்தார்.

பின்னுதைப்பும் குழல்வாய் வளியும்

ராபின்ஸ் துப்பாக்கிக் குழலையே ஊசலில் பொருத்தி, குண்டுடனும் குண்டின்றி வெடிமருந்து மட்டும் இட்டும் சுட்டுப் பார்த்தார். குண்டு இல்லாதபோதும் குழல் பின்னோக்கி உதைத்தது. குழல்வாயிலிருந்து பாயும் வளிக்கும் உந்தம் உண்டு என்பதே இதன் பொருள். அவ்வளியின் வேகம் நொடிக்குச் சுமார் 7,000 அடி என்று மதிப்பிட்டார். இரு அளவீடுகளின் வேறுபாடே குண்டின் உந்தம் என்றும் கருதினார். இது தோராயமானதே எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எனினும் பின்னுதைப்பில் குண்டின் பங்கையும் வளியின் பங்கையும் பிரித்து நோக்கும் முறை இன்றும் பின்பற்றப்படுகிறது.

குண்டின் எடையோடு ஒப்பிடுகையில் வெடிமருந்தின் அளவு மிகும்போது வளியின் பங்கும் பெரிதாகிறது. குழல்வாயில் பொருத்தப்படும் தடுப்பான்கள் இவ்வளியைப் பக்கவாட்டில் திருப்பித் தோளில் விழும் உதையைக் குறைக்கின்றன. ஆனால், அதே வளி எழுப்பும் ஓசையும் அதிர்வும் அருகில் நிற்பவர்களை மிகுதியாகத் தாக்குகின்றன. சுடுதளங்களில் செவிக்காப்பு அணிவது இன்றியமையாதது.

புரிகுழல் துப்பாக்கி

குழலை இடப்புறமாக வளைத்துச் சுட்டபோது குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வலப்புறம் விலகியது. சுழற்சியே குண்டின் பாதையை மாற்றுகிறது என்பதை ராபின்ஸ் இவ்வாறு நிறுவினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இவ்விளைவு மாக்னசு பெயரால் அறியப்பட்டது. உட்புறத்தில் புரி வெட்டப்பட்ட குழல் குண்டை அச்சில் சுழற்றி நேராகச் செலுத்தும் என்று 1747 இல் விளக்கினார். இதில் தேர்ச்சி பெறும் நாடு போரில் பெரும் மேன்மை அடையும் எனவும் முன்னறிவித்தார். பிரித்தானியப் படைகளில் புரிகுழல் துப்பாக்கி பரவலானது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1857 கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமான தோட்டாக்கள் அத்தகைய என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியவையே.

தமிழகத்தில்

1746 இல் பிரெஞ்சுப் படை சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையை எளிதில் கைப்பற்றியது. 1749 இல் கோட்டை திரும்பக் கிடைத்தபின், கம்பனி தன் அரண்களை வலுப்படுத்த ராபின்ஸை நியமித்தது. 1750 ஜூலையில் கெடிலம் ஆற்றங்கரையிலிருந்த புனித டேவிட் கோட்டையை வந்தடைந்தார். அதற்கும் சென்னைக் கோட்டைக்கும் வரைபடங்கள் வகுத்தார். செப்டம்பரில் காய்ச்சலுற்றுத் தேறினார். எனினும் மறு ஆண்டில் மீண்டும் நோயுற்று, திட்டங்கள் நிறைவேறுமுன் 44 ஆம் வயதளவில் இறந்தார். இவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1758 இல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்தது. வலுப்படுத்தப்பட்டிருந்த சென்னைக் கோட்டையோ 1758–59 முற்றுகையைத் தாங்கி நின்றது.

தாக்கம்

அரச கழகம் 1746 ஆம் ஆண்டுக்கான கோப்ளி பதக்கத்தை இவருக்கு வழங்கியது. இவரது நூலைக் கணித மேதை ஆய்லர் விரிவான விளக்கங்களுடன் 1745 இல் செருமன் மொழியில் வெளியிட்டார். இளம் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த நெப்போலியனும் இதனைப் பயின்றார். ராபின்ஸின் எழுத்துகள் அவரது இறப்புக்குப்பின் 1761 இல் தொகுத்து வெளியிடப்பட்டன. பள்ளி, கல்லூரி இயற்பியல் பாடங்களில் உந்த அழிவின்மைக்கு எடுத்துக்காட்டாக வரும் குண்டூசல் இவர் வடிவமைத்த கருவியே.