ஐந்தொகையில் வராத சொத்து: சொய்ச்சிரோ ஹொண்டா

ஊரில் எம்மில் பலருக்கு ஹொண்டா என்றால் முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்தான். அந்தப் பெயருக்குரிய மனிதர் கைப்பொருளை இழந்து மீண்டும் தொடங்கியவர் என்பது எமக்குப் பின்னர்தான் தெரிந்தது.

யப்பானின் ஹமமட்சு நகருக்கு அருகே 1906 நவம்பர் 17 அன்று பிறந்தார். தகப்பன் கொல்லர். 15 வயதில் டோக்கியோவில் கார் திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 1936இல் காரோட்டப் பந்தயத்தில் மோதிப் படுகாயமடைந்தார். பிறகு பிஸ்டன் வளையம் செய்ய முயன்றார். டொயோட்டாவுக்குக் காட்டிய 50 வளையங்களில் 3 மட்டுமே தேறின. உலோகவியல் அறிய, முப்பது வயதளவில் மாணவர்களோடு வகுப்பில் போய் இருந்தார்.

போரில் ஒரு தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு இரையானது. 1945 ஜனவரி நிலநடுக்கம் மற்றதைச் சாய்த்தது. மிச்சத்தை 450,000 யென்னுக்கு டொயோட்டாவிடம் விற்றார். 1946இல், இராணுவம் கைவிட்ட சிறு எஞ்சின்களைச் சைக்கிளில் பூட்டி மீண்டும் தொடங்கினார்.

1949இல் பணக் கணக்கைப் பார்க்க டக்கேயோ ஃபுஜிசாவா வந்தார். கணக்குத் தொழிலில் இருக்கும் நாம் மறக்கக்கூடாத பெயர் இது. 1954இல் கம்பனி முறியும் நிலை. கடன்காரரிடம் தவணை கேட்டு, தொழிலாளரிடம் உண்மையைச் சொல்லிக் காப்பாற்றியவர் அவர். அதே ஆண்டுதான் ஹொண்டா, மான் தீவுப் பந்தயத்தில் ஓடுவோம் என்று அறிவித்தார்.

அவரது வழி இதுதான். எஞ்சினின் கொள்ளளவைப் பந்தய விதி கட்டிவிடும். எனவே நிமிடத்துக்கு எத்தனை தரம் வெடிக்கிறது என்பதைக் கூட்டவேண்டும். எம் மொழியில் சொன்னால், சிறு முதலை அடிக்கடி புரட்டுவது. ஆனால் வேகம் இரட்டித்தால் பிஸ்டனை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். வால்வும் நேரத்துக்கு மூடாது. அதனால் பல சிறு சிலிண்டர்கள், குறுகிய ஓட்டம், இலேசான வால்வுகள். 1965இல் ஓடிய ஹொண்டா ஃபோர்முலா 1 காரின் எஞ்சின் 1.5 லீற்றர்தான், அதற்குள் 12 சிலிண்டர், 48 வால்வு. நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளையும் தாண்டியது. 1965 ஒக்ரோபர் 24 அன்று மெக்சிக்கோவில் ரிச்சி கிந்தர் அதை வெற்றிக்கு ஓட்டினார். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலான அந்த நகரின் மெல்லிய காற்றுக்கேற்ப எரிபொருளை அளந்து வைத்தவர், முன்னர் விமான எஞ்சின் துறையில் இருந்த யொஷியோ நகமுரா.

பற்றுப் பக்கத்தையும் எழுதவேண்டும். காற்றால் குளிரும் எஞ்சின்தான் வேண்டும் என்று ஹொண்டா பிடிவாதம் பிடித்தார். 1968இல் பிரான்சில் அந்தக் காரை ஓட்டிய ஜோ ஷ்லெசர் பந்தயத்திலேயே எரிந்து இறந்தார். அந்த ஆண்டோடு கம்பனி பந்தயத்தை விட்டு விலகியது. பின்னர் இளம் பொறியியலாளரின் சொல்லுக்கு ஹொண்டா இணங்கினார்.

1973இல் இருவரும் ஒன்றாகவே ஓய்வு பெற்றனர். மகனுக்குக் கதிரையை விட்டுச் செல்லவில்லை. 1991 ஓகஸ்ட் 5 அன்று ஹொண்டா காலமானார்.

நாமும் ஒரு பையோடு வந்தவர்கள். வீடும் காணியும் எம் கணக்கிலிருந்து வெட்டப்பட்டன. கற்றதை எவரும் வெட்டவில்லை. முப்பது வயதில் வகுப்பில் போய் இருந்த அந்த மனிதரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.