பேழை கட்டிய பெருந்தகை ஜெரால்டு டரல்

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றைக்கே பட்டியில் சேர்க்கலாகாது. சில நாள் தனியே கட்டி, குடற்புழு நீக்க மருந்து கொடுத்த பிறகே மற்ற ஆடுகளோடு விட வேண்டும். திட்டக்குடியில் ஆடு வளர்க்கும் வீடுகளில் இது பாட்டிமார் சொல்லும் விதி. சென்ற ஆண்டு நாங்கள் அவசரத்தில் அதை மறந்தோம்; இரண்டு குட்டிகளை இழந்தோம். அந்த வருத்தத்தோடுதான் இப்பெரியவரின் வரலாற்றைப் படித்தோம்.

ஜெரால்டு டரல் 1925-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் நம் நாட்டு ஜாம்ஷெட்பூரில் பிறந்தார். பொறியாளரான தந்தையார் 1928-இல் காலமானார். குடும்பம் இங்கிலாந்து சென்று, 1935-இல் கிரேக்க நாட்டின் கார்ஃபூ தீவில் குடியேறியது. அங்கே தேளும் ஆமையும் ஆந்தையும் அச்சிறுவனுக்குத் தோழர்களாயின.

1945-இல் விப்ஸ்நேடு மிருகக்காட்சிசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் ஆப்பிரிக்கக் காடுகளில் மிருகங்களைப் பிடித்து வந்தார். ஆனால் அழிந்துவரும் உயிர்களை வேடிக்கைப் பொருளாக வைத்திருப்பது அவர் மனத்தை உறுத்தியது. நோவாவின் பேழைபோல் அவற்றைக் காத்துப் பெருக்கி, மீண்டும் காட்டில் விட வேண்டுமென்று எண்ணினார். 1959-இல் ஜெர்சித் தீவில் ஒரு மிருகக்காட்சிசாலையைத் திறந்தார். 1963-இல் அறக்கட்டளை நிறுவினார். அழிந்துபோன டோடோ பறவையே அதன் சின்னம்.

பேழையில் ஏற்றுவதைவிட இறக்கி விடுவதே கடினம். கூண்டில் வளரும் மிருகம் அதே மண்ணில் மீண்டும் மீண்டும் நடக்கிறது; சாணத்திலுள்ள புழு முட்டைகள் அங்கே பெருகுகின்றன. அயல்நாட்டு மிருகத்தின் ஒட்டுண்ணியும் தொற்றலாம். அப்படியே காட்டில் விட்டால் அங்குள்ள இனத்தாரும் மடியக்கூடும். ஆகவே மருத்துவர்கள் தனியே வைத்து, சாணத்தை நுண்ணோக்கியில் சோதித்து, மருந்து கொடுத்து அனுப்புகின்றனர். ஆயினும் ஒட்டுண்ணியையே அறியாமல் வளர்ந்த உயிருக்குக் காட்டில் அதைத் தாங்கும் வலிமை இராது. அதனால் அளவறிந்தே மருந்திட வேண்டும்.

டரல் 1995-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டு அவருடைய அறக்கட்டளையும் நம் நாட்டு அரசும் இணைந்து, அஸ்ஸாமில் குள்ளப் பன்றியைக் காக்கும் பணியைத் தொடங்கின. அது சுமார் 25 செ.மீ. உயரமே உடையது. 1996-இல் மானஸ் காட்டில் பிடித்த 6 பன்றிகளைக் கொண்டு இனம் பெருக்கி, 2008-இல் 16 பன்றிகளைச் சோனாய் ரூபாய் சரணாலயத்தில் விட்டனர்.

இப்பன்றியின் உடலில் மட்டுமே வாழும் பேன் ஒன்று உண்டு. பன்றி அழிந்தால் அதுவும் அழியும். ஆகவே அப்பேனும் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இடம் பெற்றுள்ளது! நாம் வெறுக்கும் பேனும் படைப்பில் ஓர் உயிரன்றோ?

தோழியரே! உயிரைக் காக்க அன்பு மட்டும் போதாது. பொறுமையும் அறிவும் வேண்டும். எங்கள் இரு குட்டிகளும் இதையே எங்களுக்குக் கற்பித்தன. நாமும் டரலைப்போல் சிற்றுயிரையும் மதித்து வாழ்வோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி